ஊருக்கெல்லாம் ஒரே வெந்நீர்

ஜப்பான் பார்க்க வருகிற நண்பர்கள் டோக்கியோவில் இருக்கும் என்னிடம் கட்டாயம் கேட்பது, "ஒரு ராத்திரியாவது ரியோகான்ல தங்கணும், எங்க போகலாம்?" என்பதுதான். ரியோகான் என்றால் ஜப்பானின் பாரம்பரிய விடுதி: பாய் விரித்த அறை, யுகாதா உடுப்பு, இரவும் காலையும் விடுதியிலேயே சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே வெந்நீர் ஊற்றுக் குளியல். ஹகோனே, கவாகுச்சி ஏரி என்று இணையத்தில் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் ஃபூஜி மலை தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான். நான் மட்டும் விடாமல் சுவா ஏரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாகானோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. நாலாபுறமும் மலை. கரையோடு ஒரு சுற்று சுற்றினால் 16 கிலோமீட்டர் வரும். ஆழம் அதிகபட்சம் 7 மீட்டர்தான். ஜப்பானை வெட்டிச் செல்லும் இரண்டு பெரிய நிலப்பிளவுகள் அங்கே சந்திக்கின்றன. நிலம் இழுபட்டுத் தாழ்ந்த பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் அஸுசா விரைவு ரயில் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் காமிசுவா நிலையம். வெந்நீர் விடுதிகள் அங்கேதான், ஏரிக்கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன.

நான் சுவாவைச் சொல்வதற்குக் காரணம் காட்சி அல்ல, தண்ணீர். பல ஊர்களில் வெந்நீர் என்பது விடுதிக்காரர்களின் சொத்தாக, விடுதிச் சுவருக்குள் இருக்கிறது. சுவா நகரில் நகராட்சியின் தண்ணீர்த் துறையே ஊற்று வெந்நீரைக் குழாயில் விநியோகம் செய்கிறது. விடுதிக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அதே நீர். பல தெருக்களில் அந்தத் தெருக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் பொதுக் குளியலறைகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர் கையில் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு அங்கே நடந்து போவதைப் பார்க்கலாம். ஏரிக்கரை விடுதியில் நாம் காசு கொடுத்துக் குளிப்பது அந்த ஊர் தினமும் குளிக்கிற தண்ணீரில்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2025 பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம் ஊர். மகளைப் பார்க்க முதல் முறையாக ஜப்பான் வந்திருந்தாள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. ரயிலிலேயே இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவளிடம், அங்கே எல்லாரும் ஒன்றாகத்தான் குளிப்பார்கள், பெண்களுக்குத் தனி இடம், ஆனால் உடம்பில் துணி இருக்கக் கூடாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? நீ குளி, நான் ரூம்ல இருக்கேன்" என்றாள்.

சரி, அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரியோகானுக்கு என்று ஒரு கடிகாரம் உண்டு. மூன்று மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள், மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். வாடகையும் அறைக்கு இவ்வளவு என்று இல்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்கு இவ்வளவு. அதற்கு மேல் வெந்நீர்க் குளியல் வரி, பெரும்பாலான ஊர்களில் தலைக்கு 150 யென். இவ்வளவு செலவு செய்துவிட்டு, பகலெல்லாம் ஊர் சுற்றி ராத்திரி எட்டு மணிக்கு வந்து விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ரியோகான் வெறும் விலை கூடிய அறை. மூன்று மணிக்கே போய்விடுங்கள். போன பிறகு எங்கும் கிளம்பாதீர்கள். இதை மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நகாய் என்கிற பணிப்பெண் எங்களை அறைக்கு அழைத்துப் போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கிமோனோ கட்டியிருந்தார். அறையில் புல்பாய் மணம். தாழ்வான மேசை மேல் பச்சைத் தேநீரும் ஆளுக்கொரு சிறு இனிப்பும். அந்த இனிப்பு வெறும் உபசாரத்துக்காக வைப்பதில்லை. வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும் என்பதால் குளிக்கும் முன் கொஞ்சம் சர்க்கரையும் நீரும் உள்ளே போக வேண்டும் என்கிற அக்கறை அதில் இருக்கிறது. அம்மாவின் முழங்காலைப் பார்த்ததுமே நகாய் போய் உயரமான நாற்காலி ஒன்றை எடுத்து வந்தார். முழங்கால் வலி உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். கட்டில் போட்ட அறைகளும் இப்போது பல விடுதிகளில் உண்டு.

யுகாதாவை எப்படிக் கட்டுவது என்று அம்மாவுக்கு அவரேதான் காட்டினார். இடது பக்கத் துணி மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா உடனே குனிந்து தன் உடுப்பைச் சரிபார்த்துக்கொண்டாள். சாவு வீட்டு முறை எது, நல்ல காரியத்து முறை எது என்கிற கவனம் எங்கள் ஊரிலும் குறைவில்லை.

குளியலுக்கு முதலில் கஷிகிரியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு குடும்பம் மட்டும் உள்ளே தாழிட்டுக் குளிக்கும்படியான சிறிய தொட்டி அது. நேரம் குறித்துத் தருவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கும், பச்சை குத்தியிருப்பதால் பொதுத் தொட்டியில் அனுமதி கிடைக்காதவர்களுக்கும் இதுதான் வழி. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அழுக்கு வெளியே போக வேண்டியது தொட்டிக்கு வெளியில். தொட்டி உடம்பைச் சூடாக்க மட்டும். அம்மாவுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துவிட்டது. "இதுதான் சுத்தம்" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். இறங்கும் முன்னால் சின்ன வாளியில் மொண்டு முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள் என்று ஊற்றிக்கொண்டோம். நீர் 41 டிகிரி. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவள் என்பதால் ஐந்தைந்து நிமிடமாக இறங்கி ஏறவைத்தேன்.

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. நீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, எத்தனை டிகிரி, என்னென்ன தாதுக்கள், எந்த நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். 1948-இல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டம் விடுதிகள் மேல் போட்டிருக்கும் கட்டாயம் இது. நிலத்திலிருந்து வரும்போது 25 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது பட்டியலில் உள்ள தாதுக்களில் ஒன்று போதிய அளவு இருந்தால்தான் ஒரு நீரை ஊற்று நீர் என்று சொல்லிக்கொள்ள முடியும். வெறும் தண்ணீரைச் சுட வைத்துவிட்டு ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று, என்று பலகை மாட்டக் கூடாது. இப்படி ஒரு விஷயத்தைச் சட்டமாக எழுதி வைத்திருக்கும் நாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். அம்மா சைவம். ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பாக இருந்தாலும் அடியில் இருக்கும் தாஷி சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. "மீன், இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறும் கூடாது என்று தெளிவாக, பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். சில விடுதிகள் முடியாது என்று பதில் போடுவார்கள். அதுவும் நேர்மைதான், வேறு விடுதி பார்க்கலாம். நாங்கள் தங்கிய இடத்தில் கொம்பு என்கிற கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் போட்டு அம்மாவுக்குத் தனியாகச் சாறு எடுத்திருந்தார்கள்.

அவள் தட்டில் வந்தவை பெரும்பாலும் குளிர் தயாரித்தவை. நாகானோவின் கோயாதோஃபு, அதாவது உறையவைத்து உலர்த்திய டோஃபு. சாறில் போட்டதும் ஊறி உப்பிக்கொள்ளும். நோசாவானா கீரை ஊறுகாய். பக்கத்து ஊரான சினோவில் கடல்பாசிக் கூழைக் காய்ச்சி வயல்வெளியில் பரப்பிவிடுவார்கள். இரவில் உறையும், பகலில் உருகி நீர் வடியும். பல நாள் இப்படிப் போனால் காற்றைப்போல் எடையில்லாத கட்டியாகிவிடும். அதுதான் கான்டென். நம் ஊரில் நோன்புக் காலத்தில் பாலும் ரோஸ் நிறமும் சேர்த்துச் செய்வார்களே, அந்தக் கடல்பாசியின் உறவு. கடைசியில் அதில்தான் இனிப்பு வந்தது. எனக்கு ஏரியில் பிடித்த வகாசாகி என்கிற பொடி மீன்களை முழுசாகப் பொரித்து வைத்திருந்தார்கள். இப்போது வகாசாகி பிடிப்பவர்கள் கூரை போட்ட படகுக்குள் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். ஒரு காலத்தில் பனிக்கட்டியில் ஓட்டை போட்டுப் பிடித்த மீன்.

பனிக்கட்டி என்றதும் நகாய் கொஞ்ச நேரம் நின்று பேசினார். சுவா ஏரி முழுக்க உறைந்த பிறகு, கடும் குளிரில் இரவெல்லாம் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் ஏறிய நீர் உறையும். பகலில் வெயில் பட்டுப் பனிக்கட்டி விரியும்போது இடம் போதாமல் வெடிப்பு நெடுகிலும் மேலே முட்டிக்கொண்டு வரப்பு எழும். ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். அதற்கு ஓமிவதாரி என்று பெயர். தெற்குக் கரைக் கோயிலில் இருக்கும் தாகேமினாகதா என்ற தெய்வம் வடக்குக் கரையில் இருக்கும் மனைவி யாசாகதோமேயைப் பார்க்க நடந்து போன தடம் என்பது நம்பிக்கை. "சின்ன வயசில் ராத்திரி படுத்திருக்கும்போது ஏரி முழங்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும்" என்றார் நகாய். அவருடைய அம்மா கெட்டா என்கிற மரச்செருப்பின் அடியில் இரும்புக் கத்தி கட்டி ஏரி மேல் சறுக்கி விளையாடியவராம்.

இந்த வரப்பு எழுந்ததா இல்லையா என்று 1443 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். யாத்சுருகி கோயில் பூசாரியும் ஊர்க்காரர்களும் இன்றும் ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை தினமும் விடியற்காலையில் கரைக்குப் போய் வெப்பநிலையும் பனிக்கட்டியும் பார்க்கிறார்கள். 2016-இல் சப்னா சர்மா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்தப் பதிவேட்டை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத குளிர்காலங்கள் மூன்றே மூன்று. 1955 முதல் 2004 வரைக்கும் பன்னிரண்டு. அதற்கடுத்த பத்தே ஆண்டுகளில் ஐந்து. கடைசியாக வரப்பு எழுந்தது 2018-இல். அப்புறம் வந்த ஏழு குளிர்காலங்களிலும் பூசாரி பதிவேட்டில் 'ஆகெ நோ உமி' என்றுதான் எழுதினார், தெய்வம் கடந்து போகாத ஏரி. நாங்கள் போவதற்குச் சில நாள் முன்னால்தான் ஏழாவது முறை எழுதியிருந்தார்.

எனக்கு இது பெரிய துக்கமாக இருக்கிறது. பூமி சூடேறுகிறது என்பதைப் பட்டியல்களிலும் வரைபடங்களிலும் பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே ஒரு ஊர் கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டுகளாகத் தன் கடவுள் எந்தத் தேதியில் மனைவியைப் பார்க்கப் போனார் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது அவர் போக முடியவில்லை என்று வருஷா வருஷம் எழுதுகிறது. அப்படியும் விடியற்காலையில் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏரிக்கரையில் தங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பக் கூடாது.

மறுநாள் விழித்தபோது பக்கத்துப் படுக்கையில் அம்மா இல்லை. மணி ஐந்தரை. பதறி எழுந்து கீழே ஓடினேன். இரவில் ஆண்கள் பக்கத்துத் திரையையும் பெண்கள் பக்கத்துத் திரையையும் மாற்றிப் போடுவது அங்கே வழக்கம். எல்லா விருந்தாளிகளுக்கும் இரண்டு குளியலிடமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அது அம்மாவுக்குத் தெரியாதே என்பதுதான் என் பயம். ஆனால் பெண்களுக்கான சிவப்புத் திரை தொங்கிய பக்கத்தில், ஏரியைப் பார்த்த பெரிய தொட்டியில், கழுத்தளவு நீரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் சின்னத் துண்டு மடித்து வைத்திருந்தது. துண்டை நீரில் நனைக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள் என்று அருகில் இருந்த ஜப்பானியப் பாட்டி சைகையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குத் திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: "யாரும் யாரையும் பாக்கலட்டி. குத்தாலத்துல சேலையச் சுத்திக்கிட்டு நின்னாலும் கரையில நூறு கண்ணு நம்ம மேல இருக்கும். இங்க ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கேன், ஒருத்தியும் பாக்கல. வயிறு சரிஞ்சவ, தழும்பு உள்ளவ, கூன் விழுந்தவ, எல்லாரும் இருக்கா." அறுபத்தைந்து வருஷம் தன் உடம்பை ஒளித்தே வாழ்ந்த ஒருத்தி இதைச் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாட்டில் சோறும் மிசோ சூப்பும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பத்து மணிக்குப் பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு கதாகுராகான் போனோம். ஏரிக்கரையில் ஐரோப்பிய மாளிகை பாணியில் நிற்கும் பொதுக் குளியலிடம் அது. 1928-இல் கட்டியது. கதாகுரா என்ற பட்டு நிறுவனத்தின் தலைவர் இரண்டாம் கதாகுரா கானேதாரோ ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்று ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து சுவா மக்களுக்காகக் கட்டிக்கொடுத்தார். 2011-இல் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. உள்ளே பளிங்குத் தொட்டி 1.1 மீட்டர் ஆழம். பெரும்பாலும் நின்றுகொண்டே குளிக்க வேண்டும். அடியில் கூழாங்கற்கள் பாதத்தைக் குத்துகின்றன. ஆயிரம் பேர் தொட்டி என்று அதற்குப் பெயர்.

இந்த ஏரியின் மறுகரையில்தான் ஒகாயா. ஒரு காலத்தில் ஜப்பானின் பட்டு நூல் ஏற்றுமதிக்கு முதுகெலும்பாக இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஹிதாவிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் 1,672 மீட்டர் உயர நோமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து இந்த ஆலைகளுக்கு வந்தார்கள். கொதிநீரில் வேகும் கூடுகளிலிருந்து விரலால் நூல் முனை தேட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை. ஒருத்தி எடுத்த நூலை இன்னொருத்தியுடையதோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்துக் கூலி போட்டார்கள். ஒகாயாவின் பட்டு அருங்காட்சியகத்துக்குள் ஒரு சிறு ஆலை இன்றும் நூல் எடுக்கிறது. முன்பு ஒரு முறை அங்கே போய் அந்தப் புழுக்கூட்டு வாடையில் நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் தொட்டியில் நின்றபடி அம்மாவுக்குச் சொன்னேன். அவள் சின்ன வயதில் பீடி சுற்றியவள். "தரம் சரியில்லன்னா கழிச்சிருவாங்களா?" என்று கேட்டாள். கூலியில் பிடிப்பார்கள் என்றேன். "கழிச்ச நூல அவங்க திருப்பிக் குடுத்தாங்களா, வச்சிக்கிட்டாங்களா?" என்று அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தொட்டி ஆலைப் பெண்களுக்காகவே கட்டியது என்று சொல்கிறவர்கள் உண்டு. அழகான கட்டடம்தான், கட்டியவரின் மனசும் பெரிய மனசுதான். ஆனால் இதன் ஒவ்வொரு பளிங்குக் கல்லும் அந்தப் பிள்ளைகளின் வெந்த விரல்களிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கூழாங்கல்லில் காலை அழுத்தி அழுத்தி நடந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் வடக்குக் கரையில் இருக்கும் ஷிமோசுவா போய் அகிமியா கோயிலைப் பார்த்தோம். அங்கே கை கழுவ டிராகன் வாயிலிருந்து விழுவதும் ஊற்று வெந்நீர்தான். யாசாகதோமே தெற்குக் கரையை விட்டு வரும்போது தனக்குப் பிடித்த வெந்நீரைப் பஞ்சில் நனைத்து எடுத்து வந்தாளாம். பஞ்சை வைத்த இடம் ஷிமோசுவா ஊற்று. வழியெல்லாம் சொட்டியது காமிசுவா ஊற்றுகள். பிறந்த வீட்டு முருங்கையையும் மருதாணியையும் கொண்டுவந்து புகுந்த வீட்டில் நட்டவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு காமிசுவா நிலையத்துக்குள் போனால் முதல் நடைமேடையிலேயே காலை நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. பயணச்சீட்டு இருந்தால் போதும், தனிக்கட்டணம் இல்லை. பள்ளிக்கூடப் பையன் ஒருவனும் வேலைக்குப் போகும் கோட்டு போட்ட ஒருவரும் பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அம்மா காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். எங்கள் அஸுசாவுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் என்றேன். அதற்கடுத்த ரயில் எப்போது என்று கேட்டாள். அஸுசாவில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான், ஆனால் ரயில் கிளம்பும் முன் ஒரு முறை செலவில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். நான் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைத் தேடிப் போனேன்.